கிரிம்டார்க் ஃபியூச்சர் விமர்சனம்: ஒரு மாலைக்குள் முடியும் மினியேச்சர் போர்

வெட்டி, ஒட்டி, பிரைமர் அடித்து, மணிக்கணக்கில் வண்ணம் பூசிய மினியேச்சர் (சிறு பொம்மை வீரர்) படைகளில் பல அலமாரியை விட்டு வெளியே வருவதே இல்லை. கூட ஆட ஆள் கிடைக்காதது ஒரு காரணம். ஆட உட்கார்ந்தால் எப்போது எழுந்திருப்போம் என்று தெரியாதது அதைவிடப் பெரிய காரணம். 1987-இல் தொடங்கிய வார்ஹேமர் 40,000 என்ற மினியேச்சர் போர் விளையாட்டு, பத்தாம் பதிப்பில், 2023-இல், நிறையவே எளிமையானது. அப்படியும் 2000 பாயிண்ட் (படையில் உள்ளவர்களின் விலையைக் கூட்டிய அளவு) ஆட்டத்துக்கு 3 மணி நேரம் வரை ஆகும் என்பதுதான் அதன் கணக்கு. போட்டிகளுக்குத் தயாராகிறவர் அந்த நேரத்தை மகிழ்ச்சியாகக் கொடுப்பார். எப்போதாவது நண்பரோடு ஜாலியாக ஆட நினைப்பவருக்கோ, பாதி நேரம் விதியைத் தேடுவதிலேயே கரைந்துபோகும்.

ஒன் பேஜ் ரூல்ஸ் நிறுவனம் வெளியிடும் கிரிம்டார்க் ஃபியூச்சர் என்ற எதிர்காலப் போர் விதித்தொகுப்பு இந்த இரண்டாவது ஆளுக்கானது. அடிப்படை விதிகள் இலவசம்; சில பக்கங்களில் முடிந்துவிடும். எந்த நிறுவனத்தின் மினியேச்சரை வைத்தும் ஆடலாம். 28 முதல் 32 மி.மீ. அளவில் கையில் என்ன இருக்கிறதோ அதுவே படை. காகிதத்தில் அச்சடித்து அட்டையில் ஒட்டி நிறுத்தினாலும் ஆட்டம் நடக்கும். சும்மா ஆடுகிறவர்களுக்கு இன்று கிடைக்கும் விதித்தொகுப்புகளில் முதலில் கையில் எடுக்க வேண்டியது இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் விதி இவ்வளவு சுருங்கியதால் பாரம் வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது: மேசையை எப்படி அடுக்குகிறோம், இரண்டு படைகளும் ஒன்றுக்கொன்று ஈடாக இருக்கின்றனவா என்பதில். இந்த இரண்டையும் கவனிக்காமல் ஆடிவிட்டு "சப்பென்று இருக்கிறது" என்று ஒதுக்கிவிடுபவர்கள் உண்டு. அதனால் விமர்சனத்தில் பெரும்பங்கு அவற்றைப் பற்றியே இருக்கும்.

முதலில் ஆட்டத்தின் எலும்புக்கூடு. ஒன்றாக நகர்ந்து சண்டையிடும் குழுவோ தனி உருவமோதான் யூனிட். ஒவ்வொரு யூனிட்டுக்கும் இரண்டே எண்கள். குவாலிட்டி என்பது தாக்கும் திறமையும் மன உறுதியும் சேர்ந்தது. டிஃபென்ஸ் என்பது கவசம். இரண்டுக்கும் சாதாரண ஆறுமுகப் பகடை போதும். குவாலிட்டி 4+ என்றால் 4, 5, 6 விழுந்தால் அடி பட்டது. அடி ஒவ்வொன்றுக்கும் எதிராளி டிஃபென்ஸ் பகடை உருட்டுவார், தவறினால் காயம். 6 எப்போதும் வெற்றி, 1 எப்போதும் தோல்வி. வார்ஹேமரில் அடி, காயம், கவசம் என்று மூன்று முறை உருட்டும் இடத்தில் இங்கே இரண்டு முறைதான். அட்டவணை கிடையாது.

தன் முறை வரும்போது யூனிட் நான்கில் ஒன்றைச் செய்யும். நின்ற இடத்தில் நின்று சுடலாம். 6 அங்குலம் நகர்ந்து சுடலாம். சுடாமல் 12 அங்குலம் ஓடலாம். 12 அங்குலம் பாய்ந்து கைகலப்பில் இறங்கலாம். இதை மனப்பாடம் செய்ய ஒரு சுற்றே அதிகம். இரு பக்கமும் எல்லா யூனிட்டுக்கும் ஒரு முறை வந்து போனால் ஒரு சுற்று. 4 சுற்றில் ஆட்டம் முடியும். அப்போது மேசையில் உள்ள மார்க்கர்களில் (கைப்பற்ற வேண்டிய இடங்களின் அடையாளங்கள்) அதிகம் யார் வசம் இருக்கிறதோ அவர் வென்றார்.

இந்த விதித்தொகுப்பின் உயிர் மாற்றி மாற்றி ஆடுவதில் இருக்கிறது. நான் ஒரு யூனிட், நீ ஒரு யூனிட், மறுபடி நான் ஒன்று. இப்படி ஒரு யூனிட்டை ஆட வைப்பதைத்தான் இனி "எடுப்பது" என்கிறேன். எதிராளி தன் படை முழுவதையும் நகர்த்திச் சுட்டு முடிக்கும்வரை அரை மணி நேரம் கைகட்டி உட்கார்ந்து, தன் ஆட்களை ஒவ்வொருவராக எடுத்து ஓரமாக வைக்கும் சலிப்பு இதில் இல்லை. அதைவிட முக்கியம், முதல் சுற்றிலேயே பாதிப் படை போய் மனம் விட்டுப்போவது அபூர்வம். ஒரு யூனிட் அடி வாங்கினால் அடுத்த நொடியே பதில் சொல்ல உங்களுக்கு முறை வருகிறது. "இதை இப்போது எடுக்கவா, எதிராளி அந்த டாங்கியை எடுக்கும்வரை பொறுக்கவா?" என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் எழும். சிக்கலான விதி எதுவும் இல்லாமலேயே யோசிக்க விஷயம் கிடைப்பது இங்கேதான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. ஒருவரிடம் 6 யூனிட், மற்றவரிடம் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 வைத்திருப்பவர் சீக்கிரம் முடித்துவிடுவார். மீதி 6 யூனிட்டையும் எதிராளி பதில் பயமே இல்லாமல் தொடர்ச்சியாக எடுப்பார். தன் பெரிய அடிகளை எல்லாம் அந்தக் கடைசி ஆறில் ஒளித்து வைத்தால், மாற்றி மாற்றி ஆடும் அமைப்பே பெயரளவுக்கு ஆகிவிடும். விதியில் இதற்கு ஓரளவு மருந்து உண்டு: எந்தப் பக்கம் முதலில் முடிக்கிறதோ அந்தப் பக்கமே அடுத்த சுற்றைத் தொடங்கும். அது போதாது. யூனிட் எண்ணிக்கையில் வித்தியாசம் 2 அல்லது 3-க்கு மேல் போகாமல் இரு பக்கமும் முன்கூட்டியே பார்த்துக்கொள்வதுதான் சரியான வழி. ஒரே வகை யூனிட் இரண்டை ஒன்றாகச் சேர்த்து ஒரே யூனிட்டாக ஆட விதி அனுமதிக்கிறது. சின்னச் சின்ன யூனிட் நிறைய வைத்திருப்பவர் அப்படிச் சேர்த்துக்கொண்டால் கணக்கு சமன்படும்.

எடுத்த யூனிட் எது, எடுக்காதது எது என்பதில் குழப்பம் வருவது சகஜம். மூன்றாவது சுற்றில் "இதை ஏற்கெனவே எடுத்தாயிற்றே" என்ற பேச்சு வந்தால் ஆட்டத்தின் சுவை கெட்டுவிடும். மூன்று நிற டோக்கன் வைத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது: எடுத்தாயிற்று என்பதற்கு ஒன்று, கைகலப்பில் களைத்தது என்பதற்கு ஒன்று, நிலைகுலைந்தது என்பதற்கு ஒன்று (பின் இரண்டும் என்னவென்று கீழே வரும்). முதல் இரண்டையும் சுற்று முடிந்ததும் எடுத்துவிடலாம். மூன்றாவது அந்த யூனிட் தேறும்வரை மேசையிலேயே இருக்க வேண்டும். சட்டைப் பொத்தான்கூடப் போதும்.

கைகலப்பில் வரும் களைப்பு விதி சின்னதுதான், ஆனால் அருமையானது. ஒரு சுற்றில் ஒரு யூனிட் முதல்முறை கைகலப்பில் அடித்துவிட்டால், அது பாய்ந்து அடித்ததோ திருப்பி அடித்ததோ, அந்தச் சுற்று முடியும்வரை அதன்பின் பகடையில் 6 விழுந்தால் மட்டுமே அதன் அடி படும். குவாலிட்டி 3+ உள்ள ஒரு வீரப்படை 10 பகடை உருட்டினால் சராசரியாக 6 அல்லது 7 அடி விழும். களைத்த பிறகு அதே 10 பகடையில் ஒன்றோ இரண்டோதான். இதை எப்படிப் பயன்படுத்துவது? பெரிய கைகலப்பு யூனிட்டின் மேல் நேரடியாகப் பாயக் கூடாது. மலிவான யூனிட் ஒன்றை முதலில் பாய விட வேண்டும். அது அடி வாங்கும்; பரவாயில்லை. பெரியது திருப்பி அடித்துவிட்டால் களைத்துவிடும். பிறகு உங்கள் நல்ல யூனிட் பாயும்போது பதிலுக்கு வருவது வெறும் 6-கள். எதிர்ப்பக்கமும் சும்மா இருக்காது. திருப்பி அடிப்பது கட்டாயம் இல்லை. மலிவான யூனிட்டின் அடியை வாங்கிக்கொண்டு கையைக் கட்டி நின்றால், அடுத்து வருபவனுக்கு முழு அடி காத்திருக்கும். இப்படி ஒரு இழுபறி இரண்டு வரி விதியிலிருந்து பிறக்கிறது என்பதைப் பார்க்கும்போது, இதை எழுதியவர்கள் நிறைய ஆடிப் பார்த்திருக்கிறார்கள் என்று தெரிகிறது.

மன உறுதிச் சோதனைதான் அதிகம் மறக்கப்படும் விதி. ஒரு யூனிட் காயம்பட்டு, தொடங்கிய எண்ணிக்கையில் பாதியோ அதற்கும் கீழோ ஆனால் குவாலிட்டி பகடை உருட்ட வேண்டும். 10 பேர் யூனிட்டுக்கு 5-இல் வரும். 5 பேர் யூனிட்டுக்கு 2-இல். டஃப் (விழுமுன் தாங்கும் காயங்களின் எண்ணிக்கை) 6 உள்ள ஒற்றை அரக்கனுக்கு 3 காயம் மீதி இருக்கும்போது. தவறினால் யூனிட் நிலைகுலையும். அடுத்து அதை எடுக்கும்போது ஒன்றும் செய்யாமல் நின்று தேற வேண்டியதுதான். அதுவரை மார்க்கரைப் பிடிக்கவும் முடியாது, எதிராளி பிடிப்பதைத் தடுக்கவும் முடியாது. கைகலப்பில் தோற்ற யூனிட் அப்படிப் பாதியிலோ அதற்கும் கீழோ இருந்து சோதனையிலும் தவறினால் களத்தை விட்டே ஓடும். இந்தச் சோதனையை மறந்து ஆடினால் பலவீனமான குவாலிட்டி உள்ள கூட்டப் படைகள் அநியாயத்துக்கு வலுவாகிவிடும். அவர்களின் பாயிண்ட் விலை குறைவாக இருப்பதற்கு, 5+ உள்ள ஆட்கள் மூன்றில் இரண்டு முறை நிலைகுலைவார்கள் என்பதும் ஒரு காரணம். "கூட்டப் படையை வெல்லவே முடியவில்லை" என்று யாராவது சொன்னால், முதலில் கேட்க வேண்டியது மன உறுதிப் பகடை உருட்டினீர்களா என்பதே.

இனி மேசை. இந்த விதித்தொகுப்புக்கு டெரெய்ன் (மேசையில் வைக்கும் கட்டடம், பாறை, காடு போன்றவை) அலங்காரம் அல்ல, பாதி விதி அங்கேதான் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். 4 அடிக்கு 4 அடி மேசையில் இரு பக்கமும் 12 அங்குலம் படை நிறுத்தும் பகுதி. நடுவில் எஞ்சுவது 24 அங்குலம். வழக்கமான துப்பாக்கி 24 அங்குலம் சுடும்; 6 அங்குலம் நகர்ந்து சுட்டால் எட்டு தூரம் 30. அதாவது மேசை காலியாக இருந்தால் முதல் முறையிலேயே எதிராளியின் முன்வரிசை முழுவதும் குறிக்குள். கைகலப்புப் படைக்கோ முதல் சுற்றில் 12 அங்குலம் ஓடி, இரண்டாம் சுற்றில்தான் பாய முடியும். நடுவில் மறைவில்லையென்றால் அவர்கள் போய்ச் சேருவதற்குள் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள்.

ஆகவே 4 அடி மேசையில் குறைந்தது 10 டெரெய்ன் வேண்டும். 12 இருந்தால் நல்லது. அதில் பாதியாவது ஆளை முழுதாக மறைக்கும் உயரமும் அகலமும் உள்ளதாக இருக்க வேண்டும்: 5 அல்லது 6 அங்குல அகலக் கட்டடம், பாறை, சரக்குப் பெட்டி. இரண்டை மேசையின் நடுவில் வையுங்கள், ஆனால் வரிசையாக அல்லாமல் சற்று விலக்கி. ஒரு ஓரத்தில் உட்கார்ந்து மேசை மட்டத்துக்குக் கண்ணை இறக்கிப் பாருங்கள். எதிர் ஓரம் வரை தடையில்லாத நீண்ட சந்து தெரிந்தால் அதன் குறுக்கே ஒன்றை நகர்த்துங்கள். மீதியில் மூன்று நான்கு இடிந்த சுவர், வேலி மாதிரி உயரம் குறைந்தவை. ஒன்றிரண்டு காடு, சேறு. இப்படிக் கரடுமுரடான இடத்தின் வழியே போகும் யூனிட் 6 அங்குலத்துக்கு மேல் நகராது. ஆபத்தான இடமும் வேண்டுமென்றால் ஒன்று, அதிகம் போனால் இரண்டு போதும்.

மறைவின் கணக்கு எல்லாருக்கும் ஒன்றல்ல. இதைத் தெரிந்து ஆடுகிறவருக்கு நல்ல லாபம். யூனிட்டில் பெரும்பாலோர் மறைவில் இருந்தால் டிஃபென்ஸ் பகடைக்கு 1 கூடும். டிஃபென்ஸ் 5+ உள்ள சாதாரண சிப்பாய் வெளியில் நின்றால் ஆறில் நான்கு அடி காயமாகும். மறைவில் ஆறில் மூன்று. கால்வாசிதான் குறைகிறது. டிஃபென்ஸ் 3+ உள்ள கவசக்காரருக்கு ஆறில் இரண்டு என்பது ஆறில் ஒன்றாகிறது, அப்படியே பாதி. குவாலிட்டி 4+ உள்ள 10 பேர் துப்பாக்கியால் சுட்டால் சராசரி 5 அடி. கவசக்காரர் வெளியில் நின்றால் ஒருவரோ இருவரோ விழுவார்கள். சுவருக்குப் பின்னால் நின்றால் ஒருவர்கூட விழாமல் போக நிறைய வாய்ப்பு. எனவே நல்ல சுவரை விலையுயர்ந்த கவசக்காரருக்குக் கொடுங்கள். மலிவான கூட்டத்தை மறைவைத் தேடி அலைய விடாமல் மார்க்கரை நோக்கி ஓட விடுங்கள். வெடிகுண்டு வகை ஆயுதங்களுக்கு இந்த மறைவு செல்லாது. சுவருக்குப் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பவர்களை எழுப்ப அதுதான் கருவி. அவற்றின் சிறப்பு விதியான பிளாஸ்ட் 3 என்றால் ஒரு அடி மூன்றாகப் பெருகும், ஆனால் இலக்கில் உள்ள ஆட்களின் எண்ணிக்கைக்கு மேல் போகாது. தனி அரக்கன் மேல் அதை வீசினால் ஒரே அடிதான்.

காடு பார்வையை மறைக்குமா, மாடிக் கட்டடத்துக்குள் நுழைய முடியுமா, ஜன்னல் வழியே சுடலாமா: இவற்றை முதல் பகடைக்கு முன் பேசி முடித்துவிட வேண்டும். ஒவ்வொரு டெரெய்னையும் தொட்டுக் காட்டி "இது மறைக்கும், இது மறைவு மட்டும், இது கரடுமுரடு" என்று சொல்ல இரண்டு நிமிடம் போதும். நட்பு ஆட்டத்தில் சண்டை வருவது பெரும்பாலும் பேசாமல் விட்ட ஒரு ஜன்னலால்தான்.

அடுத்தது படை. ஆர்மி ஃபோர்ஜ் என்ற கருவி பிரவுசரிலேயே ஓடும். பேட்டில் பிரதர்ஸ், ஏலியன் ஹைவ்ஸ், ரோபோட் லெஜியன்ஸ் என்று நீளும் பட்டியலில் ஒன்றைத் தேர்ந்து, யூனிட் சேர்த்து, ஆயுதம் மாற்றினால் பாயிண்ட் தானாகக் கூடிக் காட்டும். ஆட்டத்துக்கு வேண்டிய தாளையும் அச்சடித்துக்கொள்ளலாம். சிறப்பு விதிகளின் விளக்கமும் அந்தத் தாளிலேயே வந்துவிடும். கைபேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் அச்சடித்துவிடுங்கள். திரை அணைவதும், எதிராளி படையைப் பார்க்க உங்கள் கைபேசியைக் கேட்பதும் ஆட்டத்தின் வேகத்தைக் கெடுக்கும். இன்னொன்று, விதிகள் புதுப்பிக்கப்படும்போது பாயிண்ட்டும் மாறும். பழைய தாளும் புதிய தாளும் எதிரெதிரே நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் ஒரே நாளில் எடுத்த தாள் என்றால் சிக்கலே இல்லை.

முதல் ஆட்டத்துக்கு 750 பாயிண்ட், பழகியபின் 1000. 2000 பாயிண்ட், 6 அடிக்கு 4 அடி மேசை என்று நேரடியாகப் போக வேண்டாம். ஆர்மி ஃபோர்ஜில் ஒரு கூட்டப் படைக்கு 2000 பாயிண்ட் போட்டால் மேசையில் நூற்றுக்கும் மேல் ஆட்கள் வந்துவிடுவார்கள். விதி எவ்வளவு எளிதானாலும் அத்தனை பேரையும் கையால்தான் நகர்த்த வேண்டும். நேரம் போவது அங்கேதான். 1000 பாயிண்ட் என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் சாவகாசமாக முடியும்.

பட்டியல் போடும்போது இரு பக்கமும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று: எதிராளியிடம் வாகனமோ அரக்கனோ இருந்தால் அதை அடிக்க என்னிடம் என்ன இருக்கிறது? டிஃபென்ஸ் 2+ உள்ள டாங்கியைக் குவாலிட்டி 4+ உள்ள சிப்பாய் துப்பாக்கியால் சுட்டால் காயம்படும் வாய்ப்பு பன்னிரண்டில் ஒன்று. பத்துப் பேர் சுட்டாலும் ஒரு காயம் உறுதியில்லை. அதற்கு டஃப் 12 இருந்தால் 4 சுற்றும் சுட்டாலும் விழாது. அதே சிப்பாய் கையில் ஏபி (கவசத்தைத் துளைக்கும் அளவு) 4, டெட்லி (ஒரு அடியின் காயத்தைப் பெருக்கும் அளவு) 3 உள்ள டாங்கி எதிர்ப்பு ஆயுதம் இருந்தால் கதை வேறு. ஏபி 4 டிஃபென்ஸை 6+ ஆக்கிவிடுகிறது. அடி பட்டால் ஆறில் ஐந்து முறை ஊடுருவும். ஊடுருவினால் மூன்று காயம். ஆயிரம் பாயிண்ட்டில் இப்படிப்பட்ட ஆயுதம் இரண்டு மூன்று இருந்தால் போதும். எதிராளியிடம் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தும் மூன்று டாங்கி கொண்டுவருவது விதிப்படி தப்பில்லை. ஆனால் அந்த மாலை இருவருக்குமே வீண். படைப் பட்டியலை முந்தின நாளே பரிமாறிக்கொள்வதில் ரகசியம் ஒன்றும் கெட்டுவிடாது. ஒரே யூனிட்டைத் திரும்பத் திரும்ப எடுப்பது, பாயிண்ட்டில் பெரும்பகுதியை ஒரே யூனிட்டில் கொட்டுவது, தலைவர்களாகவே படையை நிரப்புவது ஆகியவற்றுக்கு வரம்பும் விதியிலேயே உண்டு. அது விருப்பத் தேர்வு என்றாலும் அறிமுகம் இல்லாத ஒருவரோடு ஆடும்போது அதைப் பின்பற்றுவது நல்லது.

எந்த மினியேச்சரும் செல்லும் என்பதால் ஒரு ஒழுங்கு தேவை. ஒரே யூனிட்டில் ஒரே தோற்றம் ஒரே ஆயுதத்தைக் குறிக்க வேண்டும். கனரக ஆயுதம் தாங்கியவர் உருவத்தில் அது தெரியவில்லையென்றால் அவருடைய பேஸ் (உருவம் நிற்கும் அடித்தட்டு) ஓரத்தில் வேறு நிறம் பூசிவிடுங்கள். பேஸ் அளவும் சீராக இருக்கட்டும். சாதாரணக் காலாட்களுக்கு 25 அல்லது 32 மி.மீ., எதுவானாலும் யூனிட் முழுவதும் ஒன்றே. யூனிட்டில் ஒவ்வொருவரும் இன்னொருவருக்கு 1 அங்குலத்துக்குள் நிற்க வேண்டும், எல்லாரும் 9 அங்குலத்துக்குள் அடங்க வேண்டும் என்ற விதி இருப்பதால் பேஸ் அளவு யூனிட் எவ்வளவு பரவும் என்பதை நேரடியாக மாற்றும்.

குறைகளில் பெரியது அடிப்படை ஆட்டத்தின் வெற்றிக் கணக்கு. மார்க்கர் எண்ணிக்கைக்கு டி3 (1 முதல் 3 வரை தரும் பகடை) உருட்டி 2 கூட்டுவார்கள். 3 முதல் 5 வரை வரும். ஒன்றுக்கொன்று 9 அங்குலத்துக்கு மேல் தள்ளி, படை நிறுத்தும் பகுதிக்கு வெளியே, மாறி மாறி வைப்பார்கள். சுற்று முடிவில் மார்க்கருக்கு 3 அங்குலத்துக்குள் உங்கள் ஆள் இருந்து எதிராளி இல்லையென்றால் அது உங்களுடையது. விட்டு நகர்ந்தாலும் உங்களுடையதே. இதுவரை அழகு. ஆனால் கணக்கு பார்ப்பது நான்காம் சுற்றின் முடிவில் மட்டும். அதனால் மூன்று சுற்று சுவருக்குப் பின்னால் ஒளிந்து சுட்டுவிட்டு, கடைசிச் சுற்றின் கடைசி முறையில் 12 அங்குலம் ஓடி மார்க்கரைத் தொடுவது மிகச் சிறந்த உத்தியாகிவிடுகிறது. யூனிட் எண்ணிக்கை அதிகம் உள்ளவருக்குக் கடைசி முறை எப்போதும் கிடைப்பதால் இரட்டை லாபம். இதைச் சரிசெய்ய எளிய வழி: இரண்டாம் சுற்றிலிருந்து ஒவ்வொரு சுற்று முடிவிலும் வசம் உள்ள மார்க்கருக்குத் தலா ஒரு புள்ளி எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் சண்டை இரண்டாம் சுற்றிலேயே சூடு பிடிக்கும். மார்க்கர் 4 வந்தால் 5 ஆக்கிக்கொள்வதும் நல்லது. ஆளுக்கு இரண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்வது குறையும்.

இரண்டாவது குறை சுவையில். ஆயுதத்தின் வலிமை, உடலின் உறுதி என்று தனித்தனியாக இல்லாததால் ஒரு பெரிய மிருகத்துக்கும் கனத்த கவசம் போட்ட மனிதனுக்கும் உள்ள வித்தியாசம் டஃப் எண்ணில் மட்டும் தெரியும். தன் படையின் குணம் ஒவ்வொரு பகடையிலும் தெறிக்க வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு இது மோரில் நீர் அதிகம் ஊற்றியதுபோல் இருக்கும். சிறப்பு விதிகள் அந்தக் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டுகின்றன. ஆம்புஷ் உள்ளவர்கள் இரண்டாம் சுற்றிலிருந்து எதிரிக்கு 9 அங்குலம் தள்ளி எங்கும் முளைக்கலாம், வந்த சுற்றில் மார்க்கரை மட்டும் பிடிக்க முடியாது. ஃபாஸ்ட் உள்ளவர்கள் 12-க்குப் பதில் 16 அங்குலம் பாய்வார்கள். ஆயினும் ஆழமான கதை உலகத்தை எதிர்பார்த்து இதற்கு வர வேண்டாம்.

புதியவரோடு ஆடும்போது விதியைத் தளர்த்துவதைவிடப் பாயிண்ட்டைக் கூட்டிக் கொடுப்பது மேல். நீங்கள் 1000 எடுத்தால் அவருக்கு 1100. ஆட்டத்தின் நடுவில் பகடையை விட்டுக்கொடுத்தால் அவருக்கும் அது தெரிந்துவிடும், ரசிக்காது. நோக்கத்தைச் சொல்லி நகர்த்தும் பழக்கத்தையும் முதல் ஆட்டத்திலேயே கொண்டுவாருங்கள்: "இவர்களை உன் ஏவுகணைக்காரர் பார்வைக்கு வெளியே நிறுத்துகிறேன், சரியா?" எதிராளி ஆமாம் என்றால் பிறகு அரை அங்குலம் தெரிகிறது என்ற வாக்குவாதம் எழாது. எப்போது வேண்டுமானாலும் அளந்து பார்க்க விதியே இடம் கொடுக்கிறது, ஆகையால் இன்ச் டேப் ஆளுக்கு ஒன்று இருக்கட்டும்.

10 மினியேச்சர்கூட முழுதாகச் சேராதவர்கள் இதன் தம்பியான கிரிம்டார்க் ஃபியூச்சர்: ஃபயர்ஃபைட்டை எடுக்கலாம். அதே விதிகள்தான். யூனிட்டுக்குப் பதில் பெரும்பாலும் தனித்தனி ஆட்களாக எடுத்து ஆடுவது. கத்தி, மந்திரம் என்று விரும்புவோருக்கு ஏஜ் ஆஃப் ஃபேன்டஸி இருக்கிறது. அடிப்படைத் தொகுப்பில் வராத கூடுதல் மிஷன்கள், தொடர் ஆட்டங்கள், ஆள் இல்லாதபோது தனியாக ஆடும் முறை ஆகியவை காசு கொடுத்து வாங்கும் விரிவான பதிப்பில் உள்ளன. நாலைந்து ஆட்டம் ஆடி, இரண்டு பக்கமும் விதித்தாளைத் திரும்பிப் பார்க்காத நிலைக்கு வந்த பிறகு அதை வாங்கினால் போதும். அதுவரை வேண்டியது இவ்வளவுதான்: ஆளுக்கு ஒரு படைத்தாள், 20 பகடை, டோக்கன், ஒரு மேசை, அதன்மேல் 12 டெரெய்ன்.